ஒரு வயர்... ஒரு கப்பல்... ஒரு பாலம்!

காட்டுமன்னார்கோயில் பக்கம் நடவு வேலை சூடுபிடித்துவிட்டால், மோட்டார் காயில் கட்டும் கடைகளிலும் கூட்டம் சேர்ந்துவிடும். வீராணம் தண்ணீர் எட்டாத வயலுக்கு போர் மோட்டார்தான் கதி. எரிந்த மோட்டாரை டி.வி.எஸ். எக்ஸெல்லில் கட்டிக்கொண்டு வந்து இறக்குகிறவரிடம் மெக்கானிக் முதலில் கேட்பது இதைத்தான்: “முன்னாடியே சத்தம் ஏதாச்சும் வந்துச்சாண்ணே?”

“பத்து நாளா ஒரு மாதிரி உறுமிக்கிட்டுதான் இருந்துச்சு. ஓடுதேன்னு விட்டுட்டேன்.”

‘ஓடுதேன்னு விட்டுட்டேன்’ என்ற இந்த ஒரு வார்த்தைக்குக் கரையில் கொடுக்கும் விலை, காயில் கட்டும் கூலியும் நான்கு நாள் தண்ணீரும். பக்கத்து வயல்காரர் மனசு வைத்தால் அதுவும் சமாளித்துவிடலாம். ஆனால், நடுக்கடலில் ஒரு கப்பலுக்குப் பக்கத்து வயலும் கிடையாது, கூப்பிட்டால் வரும் லைன்மேனும் கிடையாது.

கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் டிப்ளமோவோ பொறியியலோ படித்த பிள்ளையைக் கப்பலுக்கு அனுப்பிவிட்டு, வாட்ஸ்அப்பில் டிக் நீலமாகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு. “கப்பல்ல எலெக்ட்ரிக்கல் வேலைன்னா என்னப்பா? பல்பு மாட்டுறதா?” என்று அந்த வீடுகளில் ஒருமுறையாவது யாராவது கேட்டிருப்பார்கள். அந்த வேலை எவ்வளவு பெரியது என்பதை ஒரு பாலம் உலகத்துக்கே காட்டிவிட்டது.

மிதக்கும் ஊர்

பெரிய சரக்குக் கப்பல் என்பது சொந்த மின்நிலையம் வைத்திருக்கும் ஒரு சின்ன ஊர். பொதுவாக மூன்று, நான்கு ஜெனரேட்டர்கள் இருக்கும். பெரிய கப்பல்களில் மின்சாரம் 6,600 வோல்ட்டில் உற்பத்தியாகி, டிரான்ஸ்ஃபார்மர் வழியாக 440 வோல்ட்டாகக் குறைந்து மற்ற இடங்களுக்குப் போகும். பிரதான இன்ஜின் எண்ணெயில் ஓடினாலும், அதற்கு எண்ணெய் தள்ளும் பம்பு, குளிர்விக்கும் தண்ணீர் பம்பு, மசகு எண்ணெய் பம்பு எல்லாம் மின் மோட்டாரில்தான் ஓடுகின்றன. கப்பலைத் திருப்பும் சுக்கானை அசைப்பதும் மோட்டார்தான். கரன்ட் போனால் இன்ஜினும் நிற்கும், சுக்கானும் அசையாது.

அந்த மின்சாரத்துக்குக் கப்பலில் எதிரிகள் அதிகம். உப்புக் காற்று செம்பையும் இரும்பையும் அரிக்கிறது. ஈரம் மோட்டாருக்குள் இறங்கி, செம்புக் கம்பிமேல் இருக்கும் இன்சுலேஷனைக் கெடுக்கிறது. இன்ஜின் அறையின் வெக்கை அதே இன்சுலேஷனை வறுக்கிறது. தாங்க வேண்டிய அளவுக்கு மேல் வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் இன்சுலேஷனின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது மின்துறைக்காரர்களின் தோராயக் கணக்கு.

எல்லாவற்றுக்கும் மேல், அதிர்வு. இன்ஜின் ஓடும் ஒவ்வொரு நொடியும் கப்பல் முழுவதும் மெல்லிதாக அதிர்ந்துகொண்டே இருக்கும். அரைகுறையாக முடுக்கிய ஒரு ஸ்க்ரூவோ, சரியாகச் செருகாத ஒரு வயரோ அந்த அதிர்வில் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். இன்று நழுவும், நாளை நழுவும், மூன்று வருஷம் கழித்து ஓர் இரவில் விட்டுவிடும்.

நான்கு நிமிடம்

2024 மார்ச் 26, அதிகாலை. அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்திலிருந்து ‘டாலி’ என்ற கன்டெய்னர் கப்பல் புறப்பட்டது. போக வேண்டிய இடம், இலங்கையின் கொழும்பு. சிங்கப்பூர் கொடி ஏந்திய கப்பல். சுமார் 300 மீட்டர் நீளம். சரக்கோடு சேர்ந்து ஒரு லட்சம் டன்னுக்கு மேல் எடை. ஊழியர்கள் 21 பேர். அதில் 20 பேர் இந்தியர்கள், ஒருவர் இலங்கைக்காரர். வழிகாட்ட உள்ளூர் பைலட்டுகள் இருவர்.

1:25 மணி வாக்கில் கப்பல் இருண்டது. டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகும் பிரேக்கர் தானாகவே ட்ரிப் ஆகிவிட்டது. குளிர்விக்கும் பம்பு நின்றதால் பிரதான இன்ஜினும் நின்றது. ஊழியர்கள் பதறிக்கொண்டு நிற்கவில்லை. ஒரு நிமிடத்துக்குள் பிரேக்கரைக் கையால் போட்டு மின்சாரத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆனால், கொஞ்ச நேரத்தில் மறுபடி இருட்டு. ஜெனரேட்டர்களுக்கு எண்ணெய் தள்ளிக்கொண்டிருந்தது, குழாய்களைக் கழுவுவதற்கென்று வைத்த ஒரு பம்பு. மின்சாரம் போய் வந்தால் அது தானாக மறுபடி ஓடாது; கையால்தான் போட வேண்டும். எண்ணெய் அழுத்தம் குறைந்து ஜெனரேட்டர்கள் மூச்சுத் திணறின.

பைலட்டுகள் நங்கூரம் போடச் சொன்னார்கள். ஆபத்துச் செய்தி அனுப்பினார்கள். அதைக் கேட்ட போலீஸ், எதிரே இருந்த ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தில் வண்டிகள் ஏறாமல் தடுத்தது. பல உயிர்கள் அதனால் பிழைத்தன. ஆனால், முதல் இருட்டிலிருந்து சுமார் நான்கு நிமிடத்தில் கப்பல் பாலத்தின் தூணில் மோதியது. 1977-ல் திறந்த பாலம் தண்ணீரில் சரிந்தது. மேலே நின்றிருந்த சாலைப் பணியாளர்கள் 6 பேர் இறந்தார்கள். மெக்சிகோ, குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடார் நாடுகளிலிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள். நடுராத்திரியில் அவர்கள் பாலத்தில் செய்துகொண்டிருந்ததும் பராமரிப்பு வேலைதான். சாலையில் விழுந்த பள்ளங்களை அடைத்துக்கொண்டிருந்தார்கள்.

கப்பலில் இருந்தவர்களுக்கும் அது முடியாத இரவாக நீண்டது. உடைந்த பாலத்தின் இரும்புச் சட்டங்கள் கப்பலின் முன்பக்கம் அழுந்திக் கிடக்க, சுமார் எட்டு வாரம் கப்பல் அங்கேயே சிக்கி நின்றது. மே மாதம் அந்த இரும்பை வெடிவைத்து அறுத்தபோதும் ஊழியர்கள் கப்பலுக்குள்ளேதான் இருந்தார்கள். விசாரணைக்காக அவர்கள் செல்போன்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன. இந்தியாவில் அவர்கள் வீடுகளில் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்பதைப் பிள்ளையைக் கடலுக்கு அனுப்பியவர்கள் உணர முடியும்.

காரணம்... ஒரு லேபிள்

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பல மாதங்கள் கப்பலை அலசியது. 2025 நவம்பர் 18-ல் முடிவைச் சொன்னது. முதல் இருட்டுக்குக் காரணம், ஒரு பிரேக்கரின் கட்டுப்பாட்டுச் சுற்றில் இருந்த ஒற்றை வயர் இணைப்பு தளர்ந்து போனது.

மின்பெட்டிக்குள் நூற்றுக்கணக்கான வயர்கள் இருக்கும். எது எதற்கு என்று தெரிய, ஒவ்வொரு வயரின் நுனியிலும் எண் எழுதிய சின்ன பிளாஸ்டிக் உறை மாட்டுவார்கள். அந்த வயரில் லேபிள் உறை, நுனிக்கு மிக அருகில் வந்துவிட்டது. அதனால், வயரின் நுனி ஸ்பிரிங் கவ்விக்குள் முழுசாக நுழையவில்லை. ஓரமாகக் கவ்விக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் வயர் இருக்கிறது, எண் இருக்கிறது, இடம் சரியாக இருக்கிறது. பிடிப்பு மட்டும் இல்லை.

பாலத்தின் தூண்களுக்கு இன்றைய பெரிய கப்பல்களின் மோதலைத் தாங்கும் பாதுகாப்பு இல்லாததும் இவ்வளவு பெரிய இழப்புக்கு ஒரு காரணம் என்று அந்த வாரியம் சொன்னது. ஆனாலும், எல்லாம் ஆரம்பித்த இடம், ஒருவர் விரலால் பிடித்து லேசாக இழுத்துப் பார்த்திருந்தால் கையோடு வந்திருக்கக்கூடிய ஒரு வயர்.

சுகர் நோட்டு மாதிரி ஒரு நோட்டு

கப்பலில் மின்சாதனப் பராமரிப்பை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று, கெடுவதற்கு முன்பே குறித்த நாளில் செய்யும் வேலை. இத்தனை மணி நேரம் ஓடினால் பேரிங் மாற்று, இத்தனை மாதத்துக்கு ஒருமுறை மின்பெட்டியைத் திறந்து எல்லா ஸ்க்ரூவையும் முடுக்கு என்பது போல. இன்னொன்று, சாதனத்தின் உடம்பு எப்படி இருக்கிறது என்று தொடர்ந்து நாடி பார்ப்பது.

வீட்டில் பெரியவர்களுக்கு சுகர் நோட்டு இருக்கும். போன மாதம் 140, இந்த மாதம் 170 என்று எழுதி வைத்திருப்போம். டாக்டர் இன்றைய எண்ணை மட்டும் பார்ப்பதில்லை; நோட்டைப் புரட்டி, எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கிறார். மோட்டாருக்கும் அதே வைத்தியம்தான்.

மோட்டாரின் இன்சுலேஷன் எவ்வளவு திடமாக இருக்கிறது என்று பார்க்கும் கருவி மெக்கர். ஊரில் காயில் கட்டும் கடையிலும் இருக்கும். கரன்டை நிறுத்திவிட்டு, காயிலுக்கும் மோட்டார் உடம்புக்கும் நடுவில் வைத்துப் பார்ப்பார்கள். 440 வோல்ட் மோட்டாருக்கு ஒரு மெகா ஓமுக்குக் கீழே வந்தால் ஆபத்து என்பது பழகிய கணக்கு. போன வருஷம் 100 காட்டிய மோட்டார் ஆறு மாதம் முன்பு 40, இன்று 8 என்று காட்டினால்? எண் இன்னும் ஒன்றுக்கு மேலேதான் இருக்கிறது, ‘பாஸ்’தான். ஆனால், நோட்டை வைத்திருப்பவருக்கு உள்ளே ஈரமோ தூசியோ இறங்கிவிட்டது தெரிந்துவிடும். திறந்து, துடைத்து, காயவைத்து, வார்னிஷ் அடித்தால் மோட்டார் பிழைக்கும். நோட்டு இல்லாதவர், அது எரிந்த பிறகுதான் தெரிந்துகொள்வார்.

வெப்பத்தைப் படமாகக் காட்டும் கேமரா இன்னொரு கருவி. தளர்ந்த இணைப்பில் மின்சாரம் தடுமாறிப் போகும்போது அந்த இடம் சூடாகும். கேமராவில் பார்த்தால் நூறு இணைப்புகளுக்கு நடுவில் அந்த ஒன்று மட்டும் பளிச்சென்று தெரியும். ஆனால், சிக்னல் வயரைப் போல மிகக் குறைவான மின்னோட்டம் போகும் இடத்தில் சூடும் குறைவு. அங்கே கையால் இழுத்துப் பார்ப்பதற்கு ஈடில்லை.

பேரிங் தேய்வதை அதிர்வுமானி சொல்லும். ஸ்க்ரூ டிரைவரின் முனையை மோட்டார்மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்து ‘உள்ளே கரகரங்குது’ என்று சொல்லும் பழைய மெக்கானிக்குகள் செய்ததும் இதே வேலைதான். இன்றைய கருவி அதை எண்ணாக்கி நோட்டில் ஏற்றுகிறது.

சும்மா நிற்கும் மோட்டாரும் கெடும் என்பது பலருக்குத் தெரியாது. கப்பலின் அதிர்வில், ஓடாமல் நிற்கும் மோட்டாரின் பேரிங் குண்டுகள் ஒரே இடத்தில் தட்டித் தட்டிக் குழி விழுந்துவிடும். அதனால்தான் இரண்டு பம்பு இருந்தால் மாற்றி மாற்றி ஓட்டுகிறார்கள். நிற்கும் மோட்டாருக்குள் ஈரம் இறங்காமல் இருக்கச் சின்ன ஹீட்டர் ஒன்றை எரியவிடுகிறார்கள்.

கப்பலின் மின்பலகையில் மூன்று விளக்குகள் இருப்பதையும் சொல்ல வேண்டும். மூன்றும் ஒரே அளவில் எரிந்தால் நல்லது. ஒன்று மங்கி, மற்ற இரண்டும் பிரகாசமானால் எங்கோ ஒரு வயரின் இன்சுலேஷன் கெட்டு, கப்பலின் இரும்பு உடம்பைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். வீட்டில் இப்படி ஆனால் உடனே ட்ரிப் ஆகும். கப்பலில் ஆகாது, வேண்டுமென்றேதான் அப்படி அமைத்திருக்கிறார்கள். புயலுக்கு நடுவில் ஒரு சின்னக் கசிவுக்காக சுக்கான் மோட்டார் நின்றுவிடக் கூடாதல்லவா? ஆனால், அந்த முதல் கசிவைத் தேடிச் சரிசெய்யாமல் விட்டால், இரண்டாவது கசிவு வரும் நாளில் மொத்தமாக நிற்கும். இன்று பல கப்பல்களில் விளக்குகளுக்குப் பதில் மீட்டர் வந்துவிட்டது. அது சொல்லும் சேதி பழையதுதான்.

காவல்காரனே தூங்கினால்?

கண்காணிக்கும் கருவி வைத்துவிட்டால் போதுமா? 2010 செப்டம்பர் 23 அதிகாலையில் ‘குயின் மேரி 2’ என்ற பிரமாண்டமான பயணிகள் கப்பல் ஸ்பெயினின் பார்சிலோனாவை நெருங்கிக்கொண்டிருந்தது. 4:25-க்கு, பின்பக்கத்தில் இருந்த ஒரு மின் அறையில் வெடிப்பு. கப்பலை ஓட்டும் மோட்டார்கள் நின்றன, கப்பல் இருண்டது. நல்லவேளையாக நடுக்கடல், யாருக்கும் காயமில்லை. சுமார் ஒரு மணி நேரத்தில் கப்பல் மறுபடி நகர்ந்தது.

பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுப் பிரிவு விசாரித்தது. வெடித்தது ஒரு கபாசிட்டர். சீலிங் ஃபேனில் இருக்குமே, அதன் மிகப் பெரிய அண்ணன். கபாசிட்டர் மெல்ல மெல்லக் கெட்டுவந்தால் எச்சரிக்க ஒரு கருவி வைத்திருந்தார்கள். அந்தக் கருவியே பல வருஷங்களாக வேலை செய்யாமல் கிடந்தது. அது அலாரம் அடிக்காததை ‘எல்லாம் நலம்’ என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

கருவியைப் பரிசோதிக்கவும் ஒரு நாள் குறிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம். அவசர ஜெனரேட்டரும் அப்படித்தான். பிரதான மின்சாரம் போனால் 45 விநாடிக்குள் அது தானாக ஓடி, மின்சாரம் கொடுக்க வேண்டும் என்பது சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதி. ஓடுமா என்பதை அடிக்கடி ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

டிக் அடிப்பதும் தொட்டுப் பார்ப்பதும்

இன்று கப்பல்களில் பராமரிப்பு அட்டவணை கம்ப்யூட்டரில் இருக்கிறது. இந்த வாரம் இன்னின்ன வேலை என்று அதுவே பட்டியல் போடும். முடித்ததும் டிக் அடிக்க வேண்டும். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. அடுத்த துறைமுகம் நாளைக்கு. தூங்கக் கிடைத்தது ஐந்து மணி நேரம். மின்பெட்டியைத் திறந்து முந்நூறு வயரை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்க அரை நாள் ஆகும். டிக் அடிக்க ஒரு விநாடி. கம்ப்யூட்டருக்கு இரண்டும் ஒன்றுதான்.

இந்த வேலைக்கென்று இருப்பவர்தான் எலெக்ட்ரோ டெக்னிக்கல் ஆபீசர். கப்பல்காரர்கள் பாஷையில் இ.டி.ஓ. 2010-ல் மணிலாவில் திருத்திய சர்வதேச ஒப்பந்தம் இந்தப் பதவிக்குத் தனித் தகுதிகளை வகுத்து, 2012 முதல் நடைமுறைக்கு வந்தது. மின்னியல் அல்லது மின்னணுவியலில் டிப்ளமோவோ பட்டமோ வாங்கியவர்கள், இந்தியக் கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த நிலையத்தில் சுமார் நான்கு மாதப் பயிற்சி முடித்து இந்தப் பாதையில் போகலாம். சேர்வதற்கு முன் அந்த நிலையத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று இயக்குநரகத்தின் இணையதளத்தில் பார்த்துவிடுவது அவசியம். வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கும் ஏஜென்ட்டிடம் கட்டாயம் எச்சரிக்கை வேண்டும். உரிமம் பெற்ற நிறுவனங்கள் வேலைக்காக மாலுமியிடம் பணம் வாங்கக் கூடாது என்பது சட்டம்.

எல்லாக் கப்பலிலும் இ.டி.ஓ. இருப்பதில்லை. இருந்தால் பெரும்பாலும் ஒரே ஒருவர்தான். ஆயிரக்கணக்கான இணைப்புகளுக்கு ஒரு ஜோடிக் கை. அந்தக் கைக்கு நேரம் கொடுப்பது கப்பலை நடத்துகிறவர்களின் பொறுப்பு. நேரம் கொடுக்காமல் டிக்கை மட்டும் கேட்டால், டிக் மட்டும்தான் கிடைக்கும்.

கரையிலும் இதே கதைதான்

சென்னையில் குழாயைத் திறப்பவர்களுக்கு வீராணம் தண்ணீர் வருவதும் மோட்டார்களால்தான். 2004-ல் தொடங்கிய புதிய வீராணம் திட்டத்தில், சேத்தியாத்தோப்பில் எடுக்கும் தண்ணீரை வடக்குத்து சுத்திகரிப்பு நிலையத்துக்கு பம்புகள் தள்ளுகின்றன. சோழர் காலத்து ஏரிக்குக் கரையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இந்தக் காலத்து பம்புக்கு பேரிங்கைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இரண்டையும் அன்றாடம் கவனிப்பவர்கள் பெயர் செய்தியில் வருவதில்லை.

வீட்டிலும் வயலிலும் இதில் செய்யக்கூடியது உண்டு. மீட்டர் பெட்டி பக்கத்தில் ஆர்.சி.சி.பி. இருந்தால், மாதம் ஒருமுறை அதிலுள்ள ‘டெஸ்ட்’ பொத்தானை அழுத்திப் பாருங்கள். உடனே ட்ரிப் ஆக வேண்டும். ஆகாவிட்டால், குயின் மேரியின் அலாரம் மாதிரி அதுவும் தூங்குகிறது. கீசர், ஏ.சி., மிக்ஸி பிளக் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டாலோ, சுவிட்ச் போர்டில் கருகிய வாடை வந்தாலோ மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். நீங்களே திறக்க வேண்டாம். பல மாதம் நின்ற போர் மோட்டாரை மறுபடி போடுமுன், மெக்கர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு சின்ன நோட்டைத் தொங்கவிட்டு, மோட்டார் எத்தனை ஆம்பியர் எடுக்கிறது என்று மாதம் ஒருமுறை தேதியோடு எழுதச் சொல்லுங்கள். ஒரு வருஷம் கழித்து அந்த நோட்டு பேச ஆரம்பிக்கும்.

கப்பலில் இருக்கும் பிள்ளை வாரம் ஒருமுறை கூப்பிடும்போது, சாப்பாடு, தூக்கம், சம்பளம் எல்லாம் கேட்டுவிட்டு, “வேலையெல்லாம் எப்படிப் போகுது?” என்று கேட்பார்கள். “ஒண்ணும் விசேஷம் இல்லம்மா” என்பான். அவன் வேலையில் அதைவிட நல்ல சேதி கிடையாது. அந்த ‘ஒண்ணும் இல்ல’வுக்காக அந்த வாரம் அவன் எத்தனை வயரை இழுத்துப் பார்த்தான் என்றும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். சொல்ல அவனுக்கு நிறைய இருக்கும்.